மருந்து வீட்டுக்கே வருது... ஆனா மொத்தக் கணக்கை யார் பார்ப்பது? ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ‘கேஸ் மேனேஜர்’ ஏன் தேவை?

காலை 5.20 மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. சென்னையில் தங்கி வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். போன வருடம் எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. அம்மாச்சி கட்டிலில் இருந்து எழுந்திருக்கப் பார்த்து கீழே விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். பக்கவாதம் என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். 108 வந்து விரலில் குத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரத்தத்தில் சர்க்கரை 48. அதாவது, சர்க்கரை அதிகமானதால் இல்லை, ஒரேயடியாகக் குறைந்ததால் வந்த மயக்கம்.

அடுத்த நாள் ஊருக்குப் போய் அம்மாச்சியின் மஞ்சப் பையைக் கொட்டிப் பார்த்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைகள் இரண்டு: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. இரண்டு வாரத்துக்கு முன்பு நெஞ்செரிச்சல் என்று டவுனில் ஒரு தனியார் மருத்துவரைப் பார்த்திருக்கிறார். அவர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு ஒரு பிராண்டு மாத்திரை எழுதியிருக்கிறார். அட்டையைத் திருப்பிப் படித்தால், அதுவும் அதே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. அம்மாச்சி இரண்டையும் போட்டிருக்கிறார்.

“ஏன் அம்மாச்சி ரெண்டையும் போட்டீங்க?” என்று கேட்டேன். “ரெண்டு டாக்டரும் நல்லதுக்குத்தானே சாமி குடுத்தாக?” என்றார்.

இதில் யார் மேல் தப்பு? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதியது சரியான மருந்து. தனியார் மருத்துவர் எழுதியதும் சரியான மருந்துதான். அம்மாச்சி இருவர் சொன்னதையும் அப்படியே கேட்டார். மூன்று பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க யாருமே இல்லை.

அந்த ‘யாரோ ஒருவர்’ பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

கேஸ் மேனேஜர்னா யாரு?

‘மேனேஜர்’ என்றதும் ஏசி அறை, லேப்டாப், டார்கெட் என்று நினைக்க வேண்டாம். மருத்துவத்தில் இந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு செவிலியரையோ சமூகப் பணியாளரையோதான் குறிக்கும். நோயைக் கண்டுபிடிப்பதோ மருந்து எழுதுவதோ அவர் வேலை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களோடு, இரண்டு மூன்று இடங்களில் சிகிச்சை எடுக்கும் ஒருவரின் முழுப் படத்தையும் கையில் வைத்திருப்பதுதான் அவர் வேலை.

யார் என்ன மருந்து எழுதினார்கள்? அதில் ஒன்றோடு ஒன்று மோதுவது எது? பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்தோமே, போனாரா? போனவர் திரும்பி வந்தபோது அங்கே என்ன சொன்னார்கள்? ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததா, அதை யாராவது பார்த்தார்களா? போன மாதம் மருந்து வாங்க வரவில்லையே, ஏன்? இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதில் வரும் வரை விடாமல் துரத்துவதற்குப் பெயர்தான் கவனிப்பை ஒருங்கிணைப்பது.

அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் முக்கியம். தலைநகரில் ஒரு கால் சென்டரில் இருந்தபடி “சார், மாத்திரை சாப்பிட்டீங்களா?” என்று கேட்பது ஒரு வகை. நோயாளி வழக்கமாகப் போகும் அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதே மருத்துவரின் பக்கத்து அறையில் இருப்பது இன்னொரு வகை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பின்னால் பார்ப்போம்.

அப்புறம் ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் இந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இதைப் படிக்கிற நீங்களாகவே இருக்கலாம். அப்பாவின் மாத்திரை அட்டையை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, கூகுளில் தேடி, லேப் ரிப்போர்ட்டை ஃபார்வர்டு செய்து, மீட்டிங் நடுவில் ம்யூட் போட்டுவிட்டு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறீர்களே... நீங்கள் சம்பளமும் பயிற்சியும் இல்லாத கேஸ் மேனேஜர். அப்படி ஒரு பிள்ளை இல்லாத வீடுகளில் அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கே, அது போதாதா?

நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்து தேர்வான தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும், நோய்த் தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியரும் தேவைப்படும் வீடுகளுக்குப் போகிறார்கள். 2024-ல் தொற்றா நோய்களுக்கான ஐ.நா. அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

பலன் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு காட்டிய நிலவரம் அதிர்ச்சியானது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு. 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. 2023-24-ல் நடந்த இரண்டாம் சுற்றில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதமாகவும், சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7 சதவீதமாகவும் உயர்ந்தது. நான்கு வருடத்தில், அதுவும் நடுவில் கொரோனாவை வைத்துக்கொண்டு, இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். ஆறு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை.

மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை. அந்த மாத்திரை இந்த ஆளுக்கு இன்னும் சரிதானா என்று பார்ப்பது வேறு வேலை. தன்னார்வலர் பிரஷர் பார்க்கிறார், 170/100 என்று வருகிறது, ஆப்பில் பதிவு செய்கிறார். அதன் பிறகு? மருத்துவரிடம் போகச் சொல்கிறார். பாட்டி “அடுத்த வாரம் போறேம்மா” என்கிறார். அடுத்த மாதம் அதே மாத்திரை, அதே அளவில் மறுபடியும் வீட்டுக்கு வருகிறது. அளவைக் கூட்டச் சொல்லித் தன்னார்வலரால் உத்தரவிட முடியாது, கூட்டவும் கூடாது. கூட்டக்கூடிய மருத்துவருக்கு இந்த வீட்டில் 170 வந்த விஷயமே காதுக்கு வந்திருக்காது. வந்திருந்தாலும் காலை புறநோயாளிகள் வரிசைக்கு நடுவில் ஸ்க்ரோல் செய்து பார்க்க நேரம் இருந்திருக்காது.

இது தன்னார்வலர்களைக் குறை சொல்வது இல்லை. சொற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவரும் தகவலை வாங்கி, முடிவாக மாற்ற மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம்.

கர்ப்பிணிக்கு ஒரு நியாயம், சர்க்கரை நோயாளிக்கு ஒரு நியாயமா?

எனக்கு இதில் சுவாரஸ்யமாகத் தோன்றுவது, இந்த மாதிரி வேலை தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்லை என்பதுதான்.

ஒரு பெண் கர்ப்பம் தரித்தால் என்ன நடக்கிறது? கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்கிறார், ‘பிக்மி’ எண் வருகிறது. ரத்த சோகையா, இரட்டைக் குழந்தையா, முதல் பிரசவம் சிசேரியனா என்று பார்த்து ஆபத்து உள்ளவர்களைத் தனியாகக் குறிக்கிறார்கள். ஸ்கேன் தேதி, ஊசித் தேதி, எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம், குழந்தை பிறந்த பின் தடுப்பூசி எல்லாம் ஒரே நூலில் கோர்க்கப்படுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்கூட இந்தப் பதிவோடு இணைந்திருக்கிறது. ஏழாம் மாதத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால், “இங்க இருந்தவங்க எங்க?” என்று கேட்டுப் போன் வரும். அதாவது, தொலைந்துபோனால் தேட ஒரு ஆள் இருக்கிறார்.

2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இதற்குக் காரணங்கள் பல. ரத்த வங்கி, 108, சீமாங் மையங்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லிப் பின்தொடர்வது அதில் ஒரு முக்கியமான காரணம் என்பதை சுகாதாரத் துறையில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

காசநோய்க்கும் அப்படித்தான். 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிகளில் யார் ரொம்ப மெலிந்திருக்கிறார், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாரால் தானாக எழுந்து நிற்க முடியவில்லை என்று தொடக்கத்திலேயே பிரித்துப் பார்த்து, ஆபத்தானவர்களை உடனே வார்டில் சேர்க்கச் சொல்கிறது. எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை மையங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மருந்து வாங்க வராதவரை அவர்கள் போனில் தேடுவார்கள்.

ஆக, கர்ப்பிணிக்கு ஆள் உண்டு, காசநோயாளிக்கு உண்டு, எச்ஐவியோடு வாழ்பவருக்கும் உண்டு. சர்க்கரை, பிரஷர், லேசான கிட்னி பிரச்னை மூன்றும் சேர்ந்த 64 வயதுக்காரருக்கு மட்டும் கையில் ஒரு சீட்டு. அவர் வரவில்லை என்றால் வரிசையில் ஒரு ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி? கர்ப்பத்துக்குப் பத்து மாதக் கணக்கு உண்டு, காசநோய்க்கு ஆறு மாதக் கணக்கு உண்டு. தொடக்கம், முடிவு இரண்டும் தெளிவு. சர்க்கரை நோய்க்கு முடிவு தேதி கிடையாது. முடிவு தேதி இல்லாத விஷயத்துக்கு நிர்வாகம் டார்கெட் போடத் திணறுகிறது என்பது என் கணிப்பு.

இது வேலை செய்யும்னு ஆதாரம் இருக்கா?

இருக்கிறது. நம் ஊரிலேயே.

‘கார்ஸ்’ என்ற ஆய்வு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 சர்க்கரை நோய் கிளினிக்குகளில் நடந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத 1,146 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவரோடு கூடுதலாக இரண்டு விஷயங்கள். ஒன்று, மருத்துவர் அல்லாத ஒரு ஒருங்கிணைப்பாளர். இரண்டு, “இவருக்கு அளவைக் கூட்டலாமா பாருங்கள்” என்று மருத்துவருக்கு நினைவூட்டும் மென்பொருள். மென்பொருள் சொல்வதை ஏற்பதும் விடுவதும் மருத்துவர் இஷ்டம். சுமார் இரண்டரை வருடம் கழித்துப் பார்த்தபோது, சர்க்கரையோடு சேர்த்து ரத்த அழுத்தமோ கெட்ட கொழுப்போ இலக்குக்குள் வந்தவர்கள் ஒருங்கிணைப்பாளர் இருந்த பிரிவில் 18.2 சதவீதம், இல்லாத பிரிவில் 8.1 சதவீதம். 2016-ல் வெளியான முடிவு இது.

18 சதவீதம் என்பது இன்னும் குறைவுதான். ஆனால் மருந்தோ மருத்துவரோ மாறாமல், நடுவில் ஒரு ஆளையும் ஒரு மென்பொருளையும் வைத்ததற்கே எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல்.

அடுத்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. சென்னை உட்பட இந்தியாவின் 4 கிளினிக்குகளில், சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் இருந்த 404 பேரிடம் நடந்தது. மருந்து ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்விக்கு நாம் ‘அலட்சியம்’ என்று ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். “எதுக்குச் சாப்பிடணும், யாருக்காக இருக்கணும்” என்று மனசு விட்டுப்போனவர்களும் அதில் இருக்கிறார்கள். இந்த ஆய்வில் ஒருங்கிணைப்பாளர்கள் நோயாளிகளோடு தொடர்ந்து பேசினார்கள். முன்னேற்றம் இல்லாதவர்களின் விவரத்தை நிபுணர்களோடு உட்கார்ந்து அலசி, சிகிச்சையை மாற்றும் யோசனையை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். 2020-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இரண்டு ஆய்வுகளும் நடந்தது சர்க்கரை நோய்க்கான கிளினிக்குகளில். நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், பாம்புக் கடியும் பிரசவமும் காய்ச்சலும் ஒரே நேரத்தில் வரும் இடத்தில், இதே பலன் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

தோற்ற கதையும் இருக்கு

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் கேம்டன் என்று ஒரு ஏழை நகரம். அங்கே ஜெஃப்ரி பிரென்னர் என்ற குடும்ப மருத்துவர், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேரும் சிலருக்குத்தான் மருத்துவச் செலவில் பெரும்பகுதி போகிறது என்று கண்டுபிடித்தார். செவிலியர், சமூகப் பணியாளர் கொண்ட ஒரு குழுவை அவர்கள் வீட்டுக்கே அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போவது சரசரவென்று குறைந்தது போலத் தெரிந்தது. 2011-ல் அதுல் கவாண்டே ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரை, இந்தத் திட்டத்தை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது.

பிறகு 800 பேரை வைத்து முறையான குலுக்கல் ஆய்வு செய்தார்கள். 2020 ஜனவரியில் முடிவு வந்தது. குழு கவனித்தவர்களில் ஆறு மாதத்துக்குள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 62.3 சதவீதம். கவனிக்காதவர்களில் 61.7 சதவீதம். அதாவது, வித்தியாசமே இல்லை.

எப்படி? ஒருவர் ரொம்ப மோசமான கட்டத்தில் இருக்கும்போது பிடித்துத் திட்டத்தில் சேர்க்கிறோம். மோசமான கட்டம் எப்படியும் கொஞ்சம் தணியும். தணிந்ததை நம் திட்டத்தின் வெற்றி என்று நினைத்துக்கொள்கிறோம். ஜலதோஷம் உச்சத்தில் இருக்கும்போது கஷாயம் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் “பார்த்தியா கஷாயத்தோட மகிமையை” என்கிற கதைதான். தமிழ்நாட்டில் எந்தத் திட்டத்தின் ‘முன்பு - பின்பு’ புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போதும் இந்தக் கேம்டன் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மேலே நான் கொடுத்த ஸ்டெப்ஸ் எண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு அமெரிக்க அனுபவம், முன்னால் விட்டுவைத்த கேள்விக்குப் பதில் தருகிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2002-ல் இருந்து 15 ஒருங்கிணைப்புத் திட்டங்களைச் சோதித்துப் பார்த்தது. 2009-ல் வந்த முடிவின்படி 13 திட்டங்களில் ஆஸ்பத்திரி சேர்க்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பின்னர் ஆய்வாளர்கள், ஆபத்து அதிகம் உள்ள நோயாளிகளிடம் பலன் தந்த சில திட்டங்களை மட்டும் தனியாக எடுத்து, அவற்றில் என்ன பொதுவாக இருக்கிறது என்று தேடினார்கள். போனில் மட்டும் பேசாமல் நேரில் அடிக்கடி பார்த்தது, மருத்துவரையும் நேரில் சந்தித்துப் பேசியது, ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவுடன் களத்தில் இறங்கியது, மருந்துகளைக் கவனமாகச் சரிபார்த்தது. இவைதான் கிடைத்த விடைகள்.

பென்சில்வேனியாவில் கைசிங்கர் என்ற மருத்துவமனை நிறுவனம் 2006-ல் இருந்து செய்ததும் இதே வழிதான். காப்பீட்டுப் பிரிவு சம்பளம் கொடுத்து, செவிலியர்களைக் குடும்ப மருத்துவர் கிளினிக்குகளுக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். மருத்துவர் தலையை நீட்டி “அந்த முருகேசன் கேஸ் என்னாச்சு?” என்று கேட்கும் தூரம், நம் பாஷையில் சொன்னால். அந்தத் தூரம்தான் விஷயமே.

சரி, நம்ம பிஎச்சியில் யாரை உட்கார வைப்பது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். விதிப்படி சமவெளிப் பகுதியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 மக்கள். அதில் 20,000 பேர் பெரியவர்கள் என்று வைத்தால், ஸ்டெப்ஸ் விகிதப்படி பிரஷர் உள்ளவர்கள் மட்டுமே ஏழாயிரத்தை நெருங்குவார்கள். ஒரே ஒருவரால் ஏழாயிரம் பேரைக் கவனிக்க முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தன்னார்வலரும் மாதாந்திர மாத்திரையும் போதும்.

கேஸ் மேனேஜர் தேவைப்படுவது சிக்கலானவர்களுக்கு. சர்க்கரையோடு கிட்னி பிரச்னை உள்ளவர், பக்கவாதத்துக்குப் பிறகு வீடு திரும்பியவர், போன மாதம் மாரடைப்பு வந்தவர், இன்சுலின் போட ஆளில்லாமல் தனியாக இருப்பவர், ஐந்தாறு மாத்திரைக்கு மேல் சாப்பிடுபவர். ஒருவருக்கு மாதம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், பயணமும் பதிவு வேலையும் போக ஒரு ஆளால் எண்பது, நூறு பேரைப் பார்க்கலாம். அந்த நூறு பேரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்.

ஆள்? புதுசாகத் தேட வேண்டியதில்லை. தொற்றா நோய்களுக்கென்றே செவிலியர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நியமிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பத்து வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவர் பிரஷர் பார்த்து, ரிஜிஸ்டர் எழுதி, ஆன்லைனில் ஏற்றி, ஆள் குறைவு என்றால் வேறு டியூட்டியும் பார்த்து ஓய்ந்துபோகிறார். அவரிடமே “இதையும் சேர்த்துப் பாத்துக்கோங்க சிஸ்டர்” என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், இன்னொரு ரிஜிஸ்டர் கூடும். அதற்கு மேல் எதுவும் நடக்காது. தனி ஆள், தனி வேலை என்று இருக்க வேண்டும். மருந்தாளுநரோ, சமூகப் பணி படித்தவரோ இருந்தாலும் சரிதான். ஆனால் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை இருப்பதால் செவிலியரே பொருத்தம் என்பது என் கருத்து.

அவருக்கு இரண்டு அதிகாரங்கள் வேண்டும். ஒன்று, வாரத்தில் ஒரு மதியமாவது மருத்துவரோடு உட்கார்ந்து தன் பட்டியலைப் பேசும் நேரம். வாசலில் நின்றுகொண்டு “டாக்டர், ஒரு நிமிஷம்” என்று கேட்டு வாங்கும் நேரம் இல்லை, அட்டவணையில் எழுதப்பட்ட நேரம். இரண்டாவது, தகவல்.

இந்த இரண்டாவதுதான் கஷ்டம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆனால், ஊரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது எப்படித் தெரியும்? பெரும்பாலும் நோயாளி கையில் இருக்கும் பேப்பர்தான் தூதுவர். அதுவும் ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில். தனியார் மருத்துவமனை என்றால் இன்னும் இருட்டு. ஆனால் ஒரு வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, கிளெய்ம் போட்டால்தான் பணம். எனவே யார், எங்கே, என்ன சிகிச்சை எடுத்தார் என்ற தகவல் அரசுக்கு எப்படியும் வந்தாகிறது. அந்த கிளெய்மிலிருந்து நோயாளியின் ஊர் சுகாதார நிலையத்துக்கு ஒரு குறுஞ்செய்தி, இரண்டு நாளில் ஒரு போன், ஒரு வாரத்தில் ஒரு வீட்டு விசிட். ராக்கெட் சயின்ஸ் இல்லை. 14 இலக்க ‘ஆபா’ சுகாதார எண் எல்லா இடத்திலும் இணையும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சின்ன ஊரில் ஒருவருக்கு மனநல சிகிச்சை நடப்பது அடுத்த தெருவுக்குத் தெரிந்தால், அடுத்த முறை அவர் ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டார். கேஸ் மேனேஜரின் பட்டியலை யாரெல்லாம் பார்க்கலாம் என்பது முதல் நாளே முடிவாக வேண்டிய விஷயம்.

அப்புறம் பணம். ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் ஆள் போடுவதுதான் இப்போது எளிதான வழி. செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல வருடங்களாகப் போராடுவதைப் பார்க்கிறோம். மற்ற வேலைகளைவிட இந்த வேலைக்கு அந்த முறை ஒத்தே வராது. ஏனென்றால், கேஸ் மேனேஜர் சேர்த்துவைக்கிற சொத்து, நோயாளிகளோடு இருக்கும் பழக்கம். எந்தப் பாட்டி மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார், எந்த வீட்டில் மகன் போனை எடுக்கமாட்டான், மருமகள் எடுப்பாள் என்பதெல்லாம் எந்த ஆப்பிலும் இருக்காது. ஒப்பந்தம் முடிந்து அவர் போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.

அதுவரைக்கும் நாம என்ன பண்ணலாம்?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே இடத்தில் கொட்டச் சொல்லுங்கள். பிராண்டு பெயரைப் பார்க்காதீர்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயரைப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். ஒரே ஒரு பட்டியல் எழுதி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் பேப்பரை பீரோவில் பூட்டிவைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அதைச் செய்தது நான் இல்லை. அம்மாச்சி மயங்கி விழுந்த அடுத்த வாரம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த ஒரு சிஸ்டர் பையை முழுசாகக் கொட்டச் சொல்லி, நோட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார். காலை இது, ராத்திரி இது, டவுன் டாக்டர் கொடுத்த இந்த மாத்திரை வேண்டாம், மருத்துவரிடம் கேட்டாச்சு என்று. கீழே தன் போன் நம்பர். மூன்று மாதம் அவரே போன் செய்து விசாரித்தார். அது அவர் வேலைப் பட்டியலில் இல்லாத வேலை.

போன மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதுசாக வந்தவர் அம்மாச்சியிடம் கேட்ட முதல் கேள்வி, “பாட்டி, நீங்க என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”